சாயங்காலம் 6 மணிக்கு யார் கையில் இருக்கிறது? ஆரம்பாக்கம் குப்பத்திலிருந்து மலிவு விலை டேப்லெட்டின் கதை!

"சித்தி, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க. மிஸ் ஹோம்வொர்க் அனுப்பியிருக்காங்க."

சென்னையிலிருந்து ஊருக்குப் போய் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. வாசலிலேயே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள் அக்கா மகள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் போன் இல்லையா என்றால், இருக்கிறது. 10,000 ரூபாய் கொடுத்து வாங்கிய ஸ்மார்ட்போன். ஆனால், சாயங்காலம் நாலு மணிக்கு அவளுடைய அப்பா இறாலுக்கு ஏரிக்குக் கிளம்பும்போது அந்த போனும் கூடவே கிளம்பிவிடும். இரண்டும் திரும்பி வருவது மறுநாள் காலையில்தான். அதற்குள் இவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாள்.

"இருட்டுல ஏரியில நிக்கிற மனுஷன்கிட்ட போன் இல்லாம எப்படி?" என்கிறார் அக்கா. நியாயம்தான். மழை வருமா என்று பார்க்க, வியாபாரியிடம் விலை கேட்க, ஏதாவது ஒன்று ஆனால் பக்கத்துப் படகைக் கூப்பிட... அந்த போன் எங்கள் வீட்டில் வலை மாதிரி ஒரு தொழில் சாமான். அதைப் பிள்ளையின் படிப்புக்குப் பிடுங்கி வைக்க முடியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பள்ளிக் கல்வி பற்றி ஆண்டுதோறும் வெளியாகும் 'ஏசர்' ஆய்வின்படி, கிராமப்புற இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் வீடுகள் 2018-ல் 36 சதவிகிதம்தான். 2022-ல் அது 74.8 சதவிகிதமாகிவிட்டது. கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? ஆனால், அதே ஏசரின் 2021 அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தும், அது கைக்கே கிடைக்காத பிள்ளைகள் 26.1 சதவிகிதம். அதாவது, போன் இருக்கும் நான்கு வீடுகளில் ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அது இல்லாத மாதிரிதான்.

'பிள்ளைக்கென்று தனியாக, குறைந்த விலையில் ஒரு டேப்லெட் இருந்தால்?' என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய இருபது. உலகத்தின் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இதற்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். சிலர் தோற்றார்கள், சிலர் பாதி ஜெயித்தார்கள்.

தமிழ்நாட்டின் கடைசி ஊர்

முதலில் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டம், ஆரம்பாக்கம். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர். அடுத்தது தடா, ஆந்திரா. சென்ட்ரலில் சூலூர்பேட்டை லோக்கல் பிடித்தால், கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி எங்கள் ஸ்டேஷன். கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே பார்க்கலாம்.

ஏரியைச் சுற்றியிருக்கும் குப்பங்களில் பாதிக் குடும்பத்துக்கு சம்பந்தம் அந்தப் பக்கம், மீதிக் குடும்பத்துக்கு இந்தப் பக்கம். வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவோம். பிள்ளைகள் மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்ப் புத்தகமும், அந்தப் பக்கம் தெலுங்குப் புத்தகமும் படிக்கிறார்கள். இந்தக் கதைக்கு அது முக்கியம். பிறகு வருகிறேன்.

அலமாரி மேல் இருக்கும் என் லேப்டாப்

எனக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் கணினி, அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று, அன்றைய முதல்வர் ஜெயலலிதா எங்கள் மாவட்டத்தின் காக்களூரில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தன. மாணவர்களுக்கு ஒரு அரசு இந்த அளவுக்குக் கணினி கொடுத்தது உலகத்திலேயே அபூர்வம்.

எனக்கு 2017-ல் கிடைத்தது. ஆயுத பூஜைக்கு அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். வலைக்குப் பக்கத்தில் லேப்டாப்புக்கும் பொரி கடலை. முதல் ஆறு மாதம் அதில் படம் பார்த்தேன், உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? அப்புறம் தமிழ் டைப்பிங் பழகினேன். அதுதான் என்னை ஜர்னலிசம் டிப்ளமோவுக்குக் கொண்டுபோய் விட்டது. இன்று இந்தக் கட்டுரையை டைப் செய்யும் வேகம் அந்த லேப்டாப் கொடுத்தது.

ஆனால், மூன்றாவது வருடம் பேட்டரி படுத்துவிட்டது. ஏரிக்காற்றில் உப்பு. சார்ஜர் முனை பச்சை பிடித்துவிட்டது, கீபோர்டில் நாலு எழுத்து வேலை செய்யவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கடையில் கேட்டால், "பேட்டரி, கீபோர்டு ரெண்டும் மாத்தணும்மா" என்று சொன்ன தொகை, அப்பாவின் ஒரு வார வருமானம். இப்போது அது அலமாரி மேல் துணி போட்டு மூடி வைக்கப்பட்டிருக்கிறது. அம்மா தூக்கிப் போட விடமாட்டார்.

கொடுத்தது அரசு, பிழைக்க வைத்தது அந்தப் பொருள், கைவிட்டது பேட்டரி. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மலிவு விலைக் கணினியின் உலக வரலாறே இதுதான்!

100 டாலர் லேப்டாப்... 35 டாலர் டேப்லெட்!

2005-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி மீடியா லேபைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்ட்டே, 'ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 டாலரில் ஒரு லேப்டாப்' என்று அறிவித்தார். கரண்ட் இல்லாத ஊருக்காகக் கையால் சுற்றிச் சார்ஜ் ஏற்றும் கைப்பிடிகூட வைத்திருந்தார்கள். துனிசியாவில் நடந்த ஐ.நா மாநாட்டில், அன்றைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அதைச் சுற்றிக் காட்டியபோது கைப்பிடி கையோடு வந்துவிட்டது! விலையும் 100 டாலரில் நிற்கவில்லை. 2007-ல் தயாரிப்புக்கு வந்தபோது 188 டாலர் ஆகிவிட்டது.

இந்தியா அந்த லேப்டாப்பை 2006-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 'நாமே இதைவிட மலிவாகச் செய்வோம்' என்று இறங்கியது மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை. 2009 பிப்ரவரியில், நமக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பதியில்தான் முதல் அறிமுகம். '500 ரூபாய் லேப்டாப் வருகிறது' என்று நாடே எதிர்பார்த்தது. மேடையில் வந்ததோ, பாடங்களைச் சேமித்து வைக்கும் ஒரு சின்னப் பெட்டி. திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

2010 ஜூலையில் அன்றைய அமைச்சர் கபில் சிபல் ஒரு டேப்லெட்டின் மாதிரியைக் காட்டினார். விலை 35 டாலர், அப்போதைய கணக்கில் சுமார் 1,500 ரூபாய். 2011 அக்டோபர் 5-ம் தேதி அது 'ஆகாஷ்' என்ற பெயரில் டெல்லியில் வெளியானது. ஐ.ஐ.டி ராஜஸ்தான் மேற்பார்வை, டேட்டாவிண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. 'உலகின் மிக மலிவான டேப்லெட்' என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின.

என்ன இருந்தது அதற்குள்? 7 அங்குலத் திரை. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். 256 எம்.பி ரேம். இன்று உங்கள் கையில் இருக்கும் சாதாரண போனின் ரேம் அதைப்போல 16 மடங்காவது இருக்கும். விரல் பட்டால் நகரும் திரை இல்லை, அழுத்த வேண்டிய திரை. வீடியோ ஓடவிட்டால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் சார்ஜ் காலி. சிம் போட முடியாது, வைஃபை வேண்டும். 2011-ல் எந்த அரசுக் கல்லூரியில், எந்தக் கிராமத்தில் வைஃபை இருந்தது?

அப்புறம் தகராறு ஆரம்பித்தது. எவ்வளவு மழையைத் தாங்க வேண்டும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் உடையக் கூடாது என்று சோதனை விதிகளிலேயே ஐ.ஐ.டி ராஜஸ்தானுக்கும் நிறுவனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. 2012-ல் திட்டம் ஐ.ஐ.டி மும்பைக்குக் கைமாறியது. அந்த நவம்பர் 11-ம் தேதி, அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஆகாஷ் 2'-ஐ வெளியிட்டார். 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர், 512 எம்.பி ரேம், நல்ல தொடுதிரை. அரசுக்கு 2,263 ரூபாய், மானியம் போக மாணவருக்கு 1,130 ரூபாய். அதே மாதம் ஐ.நா சபையிலும் காட்டினார்கள். ஆனால் 2013-லேயே, புதிய அமைச்சர் பல்லம் ராஜு, கருவியையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்கிற தொனியில் பேச ஆரம்பித்துவிட்டார். கோடிக்கணக்கான மாணவர்களுக்கு என்று சொல்லப்பட்ட ஆகாஷ், லட்சம் என்ற கணக்கைத் தாண்டவில்லை.

ஆகாஷ் எங்கே தவறியது? முதலில் விலையை முடிவு செய்தார்கள். அப்புறம் அந்த விலைக்குள் அடங்குகிற பொருளைத் தேடினார்கள். அதை வைத்துக்கொண்டு பிள்ளை எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த மொழியில் படிக்கப்போகிறாள் என்ற கேள்வி கடைசியில் வந்தது.

ஆனாலும் ஆகாஷைக் கிண்டல் மட்டும் செய்துவிட்டுப் போக முடியாது. 'டேப்லெட் என்றால் பணக்காரர் பொருள்' என்ற எண்ணத்தை உடைத்ததில் அதற்கும் பங்கு உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் வந்த டேப்

இப்போது தடாவுக்குப் போவோம். எங்கள் ஊரிலிருந்து அடுத்த ஸ்டேஷன். என் தாய்மாமா வீடு அங்கேதான்.

2022 டிசம்பர் 21-ம் தேதி, ஆந்திராவின் அன்றைய முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, பாபட்லா மாவட்டம் யட்லபள்ளியில், அரசுப் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு டேப் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாநிலம் முழுக்க சுமார் 4.6 லட்சம் மாணவர்கள், 59,000-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். சாம்சங் டேப், உள்ளே பைஜூஸ் நிறுவனத்தின் பாடங்கள். மாமா மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கும் ஒன்று கிடைத்தது.

அந்தப் பொங்கலுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வயது, ஒரே ஏரி, ஒரே மீன் குழம்பு. ஒருத்தி மடியில் புது டேப். மற்ற எட்டுத் தலைகள் அவளைச் சுற்றி. "வதினா, இதுக்கு நெட் வேணாம், அப்படியே ஓடுது பாருங்க" என்று எனக்குக் காட்டினாள். அதுதான் அந்தத் திட்டத்தில் நல்ல விஷயம். பாடங்களை டேப்பிலேயே ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலமும் தெலுங்கும் இருந்தன. ரிப்பேர் ஆனால் ஊரிலேயே இருக்கும் கிராமச் செயலகத்தில் கொடுக்கலாம் என்றும் அறிவித்திருந்தார்கள். ஆகாஷ் செய்யாத இரண்டு வேலைகள்!

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பாடம் தயாரித்த பைஜூஸ் கடனில் மூழ்கியது. 2024 ஜூலையில் அந்த நிறுவனத்தின் மீது திவால் நடவடிக்கை தொடங்க, பெங்களூரு நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூனில் ஆந்திராவில் ஆட்சியும் மாறிவிட்டது. பிள்ளை கையில் டேப் இருக்கிறது. பாடத்தைப் புதுப்பிக்க வேண்டியவர் யார்? ஒரு தனியார் நிறுவனத்தின் உயிரோடு அரசுப் பள்ளிப் பாடத்தைக் கட்டிப்போட்டால் வரும் கேள்வி இது.

பெருவில் தோற்றது... டான்சானியாவில் ஜெயித்தது!

'டேப் கொடுத்தால் பிள்ளைகள் படிப்பார்களா, கெட்டுப்போவார்களா?' இந்தக் கேள்விக்கு ஊகம் வேண்டாம், உலகத்தில் பரிசோதனையே நடந்திருக்கிறது.

தென் அமெரிக்காவின் பெரு நாடு, நெக்ரோபான்ட்டேவின் லேப்டாப்பை 8 லட்சத்துக்கும் மேல் வாங்கியது. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை எடுத்து ஆராய்ந்த அமெரிக்கக் கண்டத்து வளர்ச்சி வங்கி, 2012-ல் முடிவைச் சொன்னது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் எந்த வித்தியாசமும் இல்லை. பெட்டி வந்தது, ஆனால் அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்று ஆசிரியருக்கு யாரும் போதுமான அளவுக்குச் சொல்லித்தரவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இன்டர்நெட்டும் இல்லை.

ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் கதை வேறு. அங்கே 170 கிராமங்களில், பெரும்பாலும் பள்ளிக்கூடமே பார்க்காத சுமார் 2,700 குழந்தைகளுக்கு 15 மாதங்களுக்கு டேப்லெட் கொடுத்துச் சோதித்தார்கள். கிராமத்துக்கு ஒரு சூரிய ஒளி சார்ஜிங் நிலையம். பாடம் முழுக்க அவர்கள் பேசும் ஸ்வாஹிலி மொழியில். இன்டர்நெட் தேவையில்லை. எந்த மென்பொருளில் குழந்தைகள் அதிகம் கற்கிறார்கள் என்பதற்கு ஒரு போட்டி. 2019-ல் கிட்கிட் ஸ்கூல், ஒன்பில்லியன் என்ற இரண்டு குழுக்கள் பரிசைப் பகிர்ந்துகொண்டன. அந்த மென்பொருள்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டன. பக்கத்து நாடான மலாவியில், ஒன்பில்லியனின் டேப்லெட்கள் பள்ளியிலேயே இருக்கின்றன. சூரிய ஒளியில் சார்ஜ் ஏறுகிறது. பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்துகிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அதை நாட்டின் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் கொண்டுபோகும் வேலையில் இருக்கிறது மலாவி அரசு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருவில் பெட்டி மட்டும் போனது. டான்சானியாவில் பெட்டியோடு தாய்மொழிப் பாடமும், கரண்ட்டும், நெட் இல்லாமல் ஓடும் வசதியும் சேர்ந்து போயின.

இங்கே இப்போது என்ன நடக்கிறது?

நம் மாநிலத்தில் பள்ளி மாணவர்களுக்கான லேப்டாப் விநியோகம் 2020-க்குப் பிறகு நின்றுபோனது. 2025 மார்ச் 14-ம் தேதி தாக்கலான 2025-26 பட்ஜெட்டில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப், எது வேண்டுமோ அது தரப்படும் என்று அறிவித்தார் அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு. அந்த ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய். அதன் பிறகு எல்காட் நிறுவனம் விட்ட டெண்டர் லேப்டாப்புக்குத்தான். கல்லூரிப் பிள்ளைக்கு லேப்டாப் சரிதான். புராஜெக்ட் செய்ய, டைப் செய்ய, கோடிங் பழக அதுதான் உதவும். என் அனுபவமும் அதையே சொல்கிறது.

அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 2024-ல் சுமார் 80,000 கையடக்கக் கணினிகள் கொடுத்தார்கள். அதுவும் நல்ல தொடக்கம். டேப்பை முதலில் ஆசிரியர் பழகினால்தான் பிள்ளைக்குச் சொல்லித்தர முடியும் என்பது பெரு கற்றுக்கொடுத்த பாடம் அல்லவா?

ஆக, மேலே கல்லூரிப் பிள்ளைக்கு லேப்டாப் வருகிறது. ஆசிரியரிடம் டேப் இருக்கிறது. நடுவில் நிற்பது ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை. பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கலாம். ஆனால், சாயங்காலம் 6 மணிக்கு, வீட்டில், அவள் கையில் என்ன இருக்கிறது?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு டேப் என்பது பெரிய செலவு. அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2021 அக்டோபரில், மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' நமக்கு ஒரு வழியைக் காட்டியது. சாயங்காலம் தெருவிலேயே ஒரு தன்னார்வலர், 20 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். அப்படி ஒரு இடத்தில், ஒரு இரும்பு அலமாரியில் பூட்டு போட்டு பத்து டேப் இருந்தால்? அங்கேயே சார்ஜ், அங்கேயே படிப்பு, ஒரு பொறுப்பாளர். மலாவியில் நடப்பது இதுதான். ஒரு குப்பத்துக்குப் பத்து டேப் என்பது ஊராட்சியோ, முன்னாள் மாணவர்களோ, ஒரு தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியோ செய்யக்கூடிய வேலை. கும்மிடிப்பூண்டி சிப்காட் எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான்.

டேப் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்!

* ரேம் 4 ஜி.பி-க்குக் குறையக் கூடாது. அதைவிடக் குறைந்தால் ஒரே வருடத்தில் திணற ஆரம்பிக்கும். ஆகாஷின் பாடம் இது.

* மெமரி கார்டு போட இடம் இருக்கிறதா பாருங்கள். பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் தினமும் டேட்டா செலவாகாது.

* சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று கடையிலேயே கேளுங்கள். பேட்டரியும் திரையும் மாற்ற என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிட்டு விலையை முடிவு செய்யுங்கள். 1,000 ரூபாய் குறைவு என்று பெயர் தெரியாத கம்பெனி டேப்பை வாங்கினால், உடைந்த அன்றே அது குப்பை.

* பாடப் புத்தகத்தைப் பயன்படுத்துங்கள். 2018 முதல் நம் பாடநூல்களில் க்யூ.ஆர் கோடு இருக்கிறது. 'தீக்‌ஷா' செயலியில் அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்தின் வீடியோ வரும். வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் வீட்டில் நெட் இல்லாமல் பார்க்கலாம்.

* சின்னப் பிள்ளைகளுக்கு கூகுளின் 'ரீட் அலாங்' செயலி தமிழில் சத்தமாகப் படிக்க வைத்துத் திருத்தும். பிரதம் புக்ஸின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

* கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஐ.ஐ.டி மும்பையின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் கணினிப் பாடங்கள் தமிழிலேயே இருக்கின்றன.

* கட்டுப்பாடு வேண்டும் என்றால் கூகுள் 'ஃபேமிலி லிங்க்' போட்டு, எந்தச் செயலி, எத்தனை மணி நேரம் என்று நீங்களே முடிவு செய்யலாம். 'படம் பார்ப்பாள்' என்று பயந்து அலமாரியில் பூட்டி வைப்பதைவிட இது நல்லது.

* கடற்கரை, ஏரிக்கரை வீடுகளுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்று சார்ஜ் போடும் துளையைத்தான் முதலில் தின்னும். மூடி போட்ட கவர் வாங்குங்கள். ஈரக் கையோடு சார்ஜ் போடாதீர்கள். படுக்கும்போது டேப்பை ஜன்னல் ஓரத்தில் வைக்காமல், மூடிய டப்பாவில் வையுங்கள்.

எல்லை தாண்டி வந்த டேப்

மாமா மகள் 2025-ல் பத்தாம் வகுப்பு முடித்து இன்டர் சேர்ந்துவிட்டாள். சூலூர்பேட்டையில் அவளுக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டார் மாமா. போன மாதம் ஏரித் திருவிழாவுக்கு வந்தபோது பழைய டேப்பைக் கையோடு கொண்டு வந்தாள். ஒரு மூலையில் கீறல். தம்பி கீழே போட்டது. மற்றபடி ஓடுகிறது. "வதினா, இதை உங்க அக்கா பொண்ணுக்குக் குடுங்க" என்றாள்.

உள்ளே இருந்தது தெலுங்குப் பாடம், ஆந்திர சிலபஸ். எங்கள் பிள்ளைக்குத் தெலுங்கு பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அன்று ராத்திரி என் ஆபீஸ் லேப்டாப்பில் தமிழ்நாடு ஏழாம் வகுப்புப் பாடநூல்கள் அத்தனையையும் பி.டி.எஃப்-ஆக இறக்கி, ஒரு மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தேன். அறிவியல், கணக்கு வீடியோக்கள் கொஞ்சம். 300 ரூபாய் கார்டு, இரண்டு மணி நேர வேலை. அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. அக்கா வீட்டுக்காரர் வலையையும் போனையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். படியிறங்கும்போது அவர் கண் அந்த டேப் மேல் போனது. திரை பெரிதாக இருக்கிறதே!

"அப்பா, அது ஏரிக்கு வராது" என்றாள் இவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஆறு மணிக்கு நான் சென்னைக்கு ரயில் பிடிக்கக் கிளம்பியபோது, திண்ணையில் டேப் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அவளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். அவர்கள் வீட்டுப் போன்களும் அந்நேரம் ஏரியில்தான் இருந்தன.

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய டேப், பழைய போன் தூங்கிக்கொண்டிருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். ஓடினால், அழித்துச் சுத்தம் செய்து, ஒரு மெமரி கார்டில் பாடநூலை ஏற்றி, உங்கள் தெருவில் சாயங்காலம் போன் கிடைக்காத ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்!